ஆறாவது லேனில் எதுவும் இல்லை

ஜன. 25, திங்கள்

காலையில் பனி. ஏரியைக் காணோம். அக்கரை வீடுகளையும் காணோம். சிட்லபாக்கத்தைப் பாதி அழித்துவிட்டு யாரோ டீ குடிக்கப் போன மாதிரி.

ஸ்போர்ட்ஸ் டே போட்டோக்கள் வந்துவிட்டன. நாற்பத்திரண்டு. பள்ளி கிளார்க் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். எங்கே போனாலும் சட்டைப் பையில் முத்திரையும் இங்க் டப்பாவும் இருக்கும். அதனால் அவர் பெயர் ஸ்டாம்ப் பேட். பெயர் வைத்தது நான். பள்ளி முழுக்கப் பரவியதும் என் சேவைதான்.

எதிர்காலத்தில் இதைப் படிக்கப்போகும் கிழவி வாணிக்கு: உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். நீ அப்போது ப்ளஸ் ஒன். வீட்டு முன்னறையில் அம்மாவின் டி.டி.பி. சென்டர். கம்ப்யூட்டர் இரண்டு, ஸ்கேனர் ஒன்று, கல்யாணப் பத்திரிகை சாம்பிள் ஒரு மூட்டை. பள்ளியின் கேள்வித்தாள், அடையாள அட்டை, ஆண்டு மலர் எல்லாம் இங்கேதான் தயார். பள்ளி வேலை போனால் சென்டர் போச்சு. அம்மாவுக்கு எழுத்து வரும், படம் வராது. படம் உன் டிபார்ட்மென்ட். படத்தில் இருக்கும் வேண்டாத பொருள்களை எடுப்பது உன் தொழில். கருவியின் பெயர் ரப்பர் ஸ்டாம்ப். ஆல்ட் பட்டனை அழுத்திக்கொண்டு சுத்தமான மண்ணில் ஒரு கிளிக். பிறகு வேண்டாத பொருள் மேல் தேய்க்க வேண்டும். அந்த மண் வந்து இதன் மேல் உட்காரும். பொருள் போயே போச்சு. ஸ்டாம்ப் பேடும் ரப்பர் ஸ்டாம்பும் சேர்ந்தால் பள்ளியே சுத்தம்.

ஸ்போர்ட்ஸ் டே அன்று நான் கிரவுண்டில் இல்லை. தடை. காரணம்: எருமை.

டிசம்பரில் எடுத்த ஆசிரியர் குரூப் போட்டோவில் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. ஒரு பக்கம் ஹெட்மிஸ்ட்ரஸ், எங்களுக்குப் பெரிய மேடம் (இனி பெ.மே.), மறுபக்கம் பி.டி. சார். காலி நாற்காலி பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஏரிக்கரை எருமை ஒன்றை உட்கார வைத்தேன். நோட்டீஸ் போர்டில் இரண்டு நாள் தொங்கியது. யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு பொருத்தம். மூன்றாம் நாள் ஆறாம் வகுப்புப் பொடியன் அதற்கு குட்மார்னிங் சொல்லியிருக்கிறான். மாட்டிக்கொண்டேன்.

ஆனால் ஆண்டு மலர் வேலை மட்டும் என்னிடமே வருகிறது. கை வேண்டும், ஆள் வேண்டாம்.

ஒவ்வொரு போட்டோ பின்னாலும் ஸ்டாம்ப் பேட் கையெழுத்தில் ஒரு சீட்டு, எதை நீக்க வேண்டுமென்று. இன்று எடுத்தவை:

நீளம் தாண்டுதல் - மணல் குழியில் தூங்கும் நாய்.
குண்டு எறிதல் - பின்னால் மூக்கு நோண்டும் பத்தாம் வகுப்பு.
கோ-கோ - வாட்ச்மேனின் பனியன், துணிக்கொடியோடு.
பரிசளிப்பு - மேஜை மேல் காலி கலர் பாட்டில், எட்டு.
200 மீ., பெண்கள் - பந்தல் கயிறு ஒன்று, இரும்பு முளை ஒன்று.

எடுத்த எதையும் நான் தூக்கி எறிவதில்லை. முதலில் வெட்டி 'மியூசியம்' என்ற ஃபைலில் ஒட்டிவிட்டுத்தான் தேய்ப்பேன். நாய் இப்போது பனியன் மேல் தூங்குகிறது.

200 மீ. படம்தான் அட்டைக்கு. பந்தலில் சிறப்பு விருந்தினர் கைதட்டுவது நன்றாக விழுந்திருக்கிறதாம். எனக்கு அவரா முக்கியம்? ஆறாவது லேனில் கங்கா. எல்லோருக்கும் முன்னால். வாய் திறந்து, முடி பறந்து, இரண்டு காலும் தரையில் இல்லை. வெறுங்கால். சனிக்கிழமை இதற்கு அடுத்த நொடியில்தான் விழுந்திருக்கிறாள். ரிப்பனுக்கு மூன்றடி முன்னால். முட்டிச் சில்லு உடைந்து ஜி.எச்.சில் கிடக்கிறாள். கால் தடுக்கித் தானே விழுந்தாள் என்று பேச்சு. போட்டோவில் இன்னும் விழவில்லை. இனி விழவும் மாட்டாள்.

அவள் முன்னால் அந்த அழுக்குக் கயிறு குறுக்கே வந்து படத்தையே கெடுத்தது. சுத்தமாக எடுத்தேன். என் கையின் ஆகச் சிறந்த வேலை. ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிவதால் அம்மாவின் சட்டம், ஒரு படத்துக்கு ஒரு ஃபைல். பழையதன் மேலேயே சேவ். சாஃப்ட்வேரில் அன்டூ ஒரே ஒரு தடவைதான்.

சாயங்காலம் ப்ரூஃப் போய், பெ.மே. கையெழுத்தோடும் முத்திரையோடும் திரும்பி வந்தது. கையெழுத்தில்லாத ப்ரூஃபை அம்மா பிரஸ்ஸுக்கு அனுப்பமாட்டாள். ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறியதிலிருந்து இது சட்டம். போட்டோ, நெகட்டிவ் எல்லாம் அதே மஞ்சள் பையில் பள்ளிக்குத் திரும்பிவிட்டன. சீட்டு மட்டும் ப்ரூஃபோடு பின் அடித்து அம்மாவின் ஃபைலில்.

அட்டைப் படம் கூடுதலாக ஒரு பிரின்ட் போட்டேன். கங்காவுக்கு. நாளை நேரில்.

ஜன. 26, செவ்வாய்

கொடி. ஆரஞ்சு மிட்டாய் இரண்டு. (ஒன்று என்னுடையது, ஒன்று முன்னால் நின்றவளுடையது.) பஸ் பிடித்து ஜி.எச்.

பெண்கள் வார்டு, ஜன்னலோரம் மூன்றாவது கட்டில். காலில் தொடை வரை மாவுக்கட்டு. அதன் மேல் ஏதாவது வரையலாம் என்று ஸ்கெட்ச் பேனா எடுத்துப் போயிருந்தேன். வெளியே எடுக்கவில்லை.

கங்காவின் அம்மா பெருங்களத்தூரில் மீன் விற்பவர். ஊர் கானத்தூர்ப் பக்கம் கடற்கரை, வாக்கப்பட்டது பீர்க்கன்கரணை. மூன்று நாளாகக் கூடையைத் தொடவில்லையாம். என்னைப் பார்த்ததும் புலம்ப ஆரம்பித்தார்.

"இன்னாமே வாணி, படிக்கிற புள்ள, நீயே சொல்லு. கீழ பாத்து ஓடத் தெரியாதவளுக்கு ஓட்டம் இன்னாத்துக்கு?"

விஷயம் இது. கங்கா ஓடுவதால்தான் பள்ளியில் ஃபீஸ் கிடையாது. ஓட்டக்காரி சீட். இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நொண்டாமல் நடந்தாலே பெரிசாம். அப்படியென்றால் ஜூனிலிருந்து சீட் இல்லை. ஸ்டாம்ப் பேட் நேற்று வந்து விளக்கியிருக்கிறார். பள்ளி மேல் தப்பிருந்தால் மேனேஜ்மென்ட் அப்படியே விட்டுவிடாது, ப்ளஸ் டூ முடிய வைத்துக்கொள்ளும். ஆனால் பிள்ளை தானே தடுக்கி விழுந்தால் பள்ளி என்ன செய்யும்? கங்காவின் அம்மா அதை என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னார். அவருக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் வென்னீர் வாங்கப் போனதும் கங்கா என் கையைப் பிடித்தாள்.

"நான் தானா விழலடி. கால்ல இரும்பு பட்டுது. சூடா. வெயில்ல காஞ்ச இரும்பு. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

விழுந்ததும் மயக்கம். முழித்தபோது ஆட்டோவில். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. போட்டோவைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். முதலில் சிரித்தாள். "நான்தான் ஃபர்ஸ்ட்டு, பாத்தியா." முகத்தருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே. பிறகு விரல் நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டாள். அவள் காலுக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு. அதன் மேல் சாய்வாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

"இது இன்னாதுடி? நிழல் மாதிரி கீதே. எதோட நிழல்?"

கயிற்றை எடுத்தேன். முளையை எடுத்தேன். நிழலை எடுக்க மறந்துவிட்டேன்.

நெகட்டிவில் கீறல் என்றேன்.

ஜன. 27, புதன்

பள்ளியில் என்ன பாடம் நடந்தது, தெரியாது. வந்ததும் ஃபைலைத் திறந்தேன். சுத்தமான மண். எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் மண். நானே எதையாவது குறை வைத்திருக்கக் கூடாதா என்று தேடினேன். இல்லை. சாமர்த்தியசாலி.

மியூசியத்தைத் திறந்தேன். நாய், பனியன், பாட்டில், மூக்கு. மூலையில் கயிறும் முளையும். முளையின் தலையில் சுத்தியல் அடித்து மழுங்கிய வளையம்கூடத் தெரிகிறது. வெட்டும்போது அவசரத்தில் பக்கத்தில் இருந்ததும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. பெரிதாக்கினேன். இளஞ்சிவப்பாக நான்கைந்து புள்ளி.

கங்காவின் கட்டைவிரல் நுனி.

அவள் காலில் அந்த இடத்தில் மண்ணைத் தேய்த்து மூடியிருக்கிறேன். விரல் நுனி இல்லாத காலோடு ஓடுகிறாள், ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

வெட்டியதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். விரல் விரலோடு சேர்ந்தது. கயிறு அதன் நிழலோடு சேர்ந்தது. முளை சரியாக ஆறாவது லேனுக்குள், அவள் கால் இறங்கப்போகும் இடத்தில்.

ஸ்டூடியோவுக்கு சைக்கிளில் போனேன். போட்டோகிராபர் அண்ணன், நெகட்டிவோடு சேர்த்துத்தான் பள்ளி எப்போதும் வாங்கும், தன்னிடம் எதுவும் இல்லை என்றார். கயிறு ஞாபகம் இருக்கிறதா என்றேன். முப்பது வருஷ முகூர்த்தத்தில் எத்தனை பந்தல், எத்தனை கயிறு பார்த்திருப்பேன் என்றார்.

ஐந்தாவது லேனில் ஓடிய சுமதியைக் கேட்டேன். ரிப்பனைப் பார்த்து ஓடினாளாம். நாலாவது லேன் கேத்தரின் மட்டும், கயிறு மாதிரி ஏதோ இருந்தது என்றாள். யாரிடமாவது சொல்வாயா என்றதும், பிராக்டிகல் மார்க் அவர்கள் கையில்தானே இருக்கிறது என்றாள். கேத்தரின் ப்ளஸ் டூ. தப்புச் சொல்ல முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். கீபோர்டில் கை நின்றது. பிறகு, பள்ளிக்கு இதைக் கொண்டுபோகாதே என்றாள்.

ஜன. 28, வியாழன்

கொண்டுபோனேன்.

பெ.மே. அறை. புதுப் பிரின்ட்டை மேஜை மேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்த எருமையை உட்கார வெச்சது யாரு?"

நான்தான் மேடம்.

"எப்படிம்மா வெச்ச?"

வெட்டி ஒட்டினேன் மேடம்.

"இந்த முளை? இது எப்படி இங்க வந்துச்சு?"

வாயைத் திறந்தேன். சொல்வதற்கு வேறு வார்த்தையே இல்லை.

வெட்டி ஒட்டினேன் மேடம்.

"அவ்ளோதான். கிளாஸுக்குப் போ."

இருந்ததை இருந்த இடத்தில்தான் வைத்தேன் என்றேன். நெகட்டிவை எடுத்துப் பாருங்கள் என்றேன். ஐந்நூறு பேர் கிரவுண்டில் இருந்தார்கள், கிரவுண்டிலேயே இல்லாத ஒரே ஒருத்தி நீ, உனக்கு மட்டும் தெரிந்ததா என்று கேட்டார். பி.டி. சார் பீரோ பக்கத்தில் நின்றிருந்தார். விசில் கயிற்றை விரலில் சுற்றி, அவிழ்த்து, சுற்றி. என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பிரின்ட் அவர்கள் மேஜையிலேயே.

மதியத்துக்குள் வகுப்பில் பரவிவிட்டது. வாணியின் அடுத்த எருமை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ம்ம்மா. நான்தான் அதையெல்லாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

ஜன. 29, வெள்ளி

மறுபடி பனி. சைக்கிள் சீட் ஈரம்.

பள்ளி விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் பி.டி. சார். என் சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பதுபோல் குனிந்தார். குனிந்தபடியே பேசினார்.

சாயங்கால வெயில் சிறப்பு விருந்தினர் முகத்தில் அடித்ததாம். பந்தலை மூணடி முன்னால் இழுக்கச் சொன்னார்களாம். பந்தலோடு முளையும் முன்னால் வந்து ஆறாவது லேனுக்குள் இறங்கியது. ரேஸை அஞ்சு லேனில் வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சொல்லிப் பார்த்தாராம். நேரமாகிறது, ஆரம்பியுங்கள் என்றார்களாம்.

"விசில் ஊதுனது நான்மா. அவ விழுந்ததும் மொதல்ல ஓடுனது நான். முளையைப் பிடுங்கச் சொன்னதும் நான்தான். இன்னொருத்தர் தடுக்கிடக் கூடாதேன்னு."

இதைப் பெ.மே.விடம் சொல்லுங்கள் சார் என்றேன். அவங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிற, என்றார். நிமிர்ந்து, டயர் நல்லாத்தான் இருக்கு என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவருக்குப் பக்கத்தில் எருமையை உட்கார வைத்தது தப்பு. எருமையைக் கேவலப்படுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று தோன்றியது. சைக்கிளை நிறுத்திவிட்டேன். ப்ரூஃப். கயிறு இல்லாத, ஆனால் கயிற்றின் நிழல் இருக்கிற ப்ரூஃப். பெ.மே. கையெழுத்து, முத்திரை, தேதி. திங்கட்கிழமைத் தேதி, நான் எதையும் திரும்ப ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு. ஆறாவது லேனில் எதுவும் இல்லை என்றால் அந்த நிழல் எதனுடையது? அவர்கள் கையெழுத்துப் போட்ட படத்தில் அவர்களே பதில் சொல்லட்டும். ஸ்டாம்ப் பேட் எழுதிய சீட்டும் அதோடு பின் அடித்து இருக்கிறது. 'கயிறு, முளை நீக்கவும்.'

அம்மாவின் ஃபைலிலிருந்து எடுத்து என் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கங்காவின் அம்மாவை அழைத்துக்கொண்டு கரஸ்பாண்டென்ட் வீட்டுக்கே போவது. செவ்வாய்க்குப் பிறகு முதல்முறையாகச் சாப்பாடு இறங்கியது.

ஜன. 30, சனி

பதினோரு மணிக்கு ஸ்டாம்ப் பேட். அம்மா காபி கொடுத்தாள். குடித்துக்கொண்டே கரெக்‌ஷன் சொன்னார். மிக மரியாதையாக.

அட்டைப் படத்தில் ஆறாவது லேனில் இருக்கும் பிள்ளையை எடுத்துவிட வேண்டும். அடிபட்ட பிள்ளையை அட்டையில் போட்டால் பெற்றோர் மனசு கஷ்டப்படுமாம். கீழே ஒரு கோடு மாதிரி இருக்கிறதாம், அதுவும். அப்புறம் அந்தப் பழைய ப்ரூஃப், சீட்டோடு, அதைக் கொடுத்துவிடுங்கள், புதுசில் மேடம் கையெழுத்துப் போடுவார்.

அடுத்த வருஷக் கேள்வித்தாள் வேலை பற்றி மேடம் உங்களிடம் பேச வேண்டுமென்றார் என்றும் சொன்னார். அது மிரட்டலா, இல்லையா? காபி நன்றாயிருக்கிறது என்று சொன்ன அதே குரல்.

அம்மா ஃபைலைப் புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். என்னைப் பார்த்தாள்.

"வாணி. எங்க அது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் எவ்வளவு பொய் சொன்னவள். எருமைக்கு மூன்று ஆசிரியர்களிடம் மூன்று கதை சொன்னேன். கங்காவிடம் நெகட்டிவில் கீறல் என்றேன். அதற்கெல்லாம் நாக்கு வந்தது.

அம்மா மூன்றாவது தடவையாக ஃபைலைப் புரட்டினாள். உள்ளே போனேன். பூகோளப் புத்தகத்தைத் திறந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா கையில்கூட இல்லை. நேராக அவர் கையில்.

அவர் மடித்துப் பையில் வைத்தார். முத்திரை, இங்க் டப்பா, ப்ரூஃப்.

அவர் போன பிறகு அம்மா டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"நீ வேற ஸ்கூல் மாறிக்கலாம் வாணி. நான் எத்தனை ஸ்கூல் வாசல்ல போய் நிக்கறது, சொல்லு."

டம்ளரை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

பிப். 1, திங்கள்

கரெக்‌ஷன் நாள். அம்மா முதலில் தானே உட்கார்ந்தாள். பத்து நிமிஷம். கங்காவின் தோள் மேல் பெரிய வெள்ளை ஓட்டை ஒன்று போட்டாள், அவ்வளவுதான் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அந்த ஓட்டையோடு அவளைப் பார்க்க முடியவில்லை. நான் உட்கார்ந்தேன்.

முதலில் அவளை முழுசாக வெட்டி மியூசியத்தில் வைத்தேன். விரல் நுனியைச் சேர்த்து.

பிறகு கால். ஐந்தாவது லேன் மண்ணை எடுத்து ஆறாவது லேனில். சுண்ணாம்புக் கோடு உடையாமல். முழங்கால். பாவாடை. கை. பந்தல் துணியின் மடிப்பு ஒன்றுக்கொன்று சேர வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்துவிடும். சேர்த்தேன்.

சிக்கல் ஒன்று. சிறப்பு விருந்தினரின் வலது கை அவள் தலைக்குப் பின்னால் மறைந்திருந்தது. அவள் போனால் அவருக்கு ஒரு கைதான். இடது கையைப் பிரதி எடுத்து, கண்ணாடி மாதிரித் திருப்பி, வலது கையாக வைத்தேன். இப்போது கைதட்டுகிறார். முன்னால் காலி லேன்.

கடைசியில் முகம்.

நிழலை இந்த முறை மறக்கவில்லை. கயிற்றினுடையதும், அவளுடையதும்.

அம்மா வந்து நின்று பார்த்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது தெரிந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சேவ்.

பிப். 4, வியாழன்

கங்காவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்களாம். பீர்க்கன்கரணை போக வேண்டும். போகவில்லை.

பள்ளியில் ம்ம்மா சத்தம் நின்றுவிட்டது. கடைசி பெஞ்சு பையன்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போல. அதற்கு ம்ம்மாவே மேல்.

பிப். 8, திங்கள்

பிரேயரில் ஆண்டு மலர் வெளியீடு. ஆளுக்கொன்று. பளபள அட்டை. ஐந்து பெண்கள் ஓடுகிறார்கள், ஒருவர் கைதட்டுகிறார். பெ.மே. மைக்கில், அட்டையைச் சிறப்பாக அமைத்த நம் மாணவிக்கு என்று என் பெயர் சொல்லிக் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். சுமதி தட்டினாள். கேத்தரின் தரையைப் பார்த்துக்கொண்டு தட்டினாள். பி.டி. சார் வாயில் விசில் இருந்தது, ஊதவில்லை.

பிப். 10, புதன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. பனி போச்சு. ஏரி முழுசாகத் தெரிகிறது.

நாலரைக்குக் கங்காவின் அம்மா வந்தார். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. மறுபடி வியாபாரத்துக்குப் போகிறாராம். கையில் நான் கொடுத்த பிரின்ட், பிளாஸ்டிக் கவரில், அப்படியே புதுசாக.

சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறதாம். பட்டன் வைப்பது. கட்டுப் பிரித்ததும் சேர்த்துக்கொள்கிறார்களாம். அப்ளிகேஷனுக்குச் சின்ன சைஸ் போட்டோ வேண்டும். ஸ்டூடியோ மாடியில், படி ஏற அவளால் முடியாது.

"இதுல மூஞ்சி நல்லா கீது. மூஞ்சி மட்டும் போதும்மே. மத்ததெல்லாம் எட்த்துரு."

ஸ்கூல் என்ன ஆச்சு ஆன்ட்டி என்றேன்.

"அது ஆவாதும்மா. இப்ப அவளே சொல்லிட்டா. நான்தான் கீழ பாக்காம ஓடிட்டேன்னு. மொதல்ல இரும்பு பட்டுது, இரும்பு பட்டுதுன்னு பேஜார் பண்ணிக்கினு இருந்தா. இப்ப சொல்றதில்ல."

சொல்லிவிட வேண்டும் என்று அப்போது இருந்தது. உண்மையாகவே இருந்தது. உள்ளே அம்மா மிக்ஸி போட்டிருந்தாள். அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. அடுத்தது அரைக்க ஆரம்பித்தாள்.

முகம் தெளிவாக மியூசியத்தில்தான் இருக்கிறது. திறந்தேன். ஸ்கிரீன் முழுக்க நாய், பனியன், எட்டு பாட்டில், மூக்கு நோண்டும் பையன், கயிறு, முளை, நடுவில் கங்கா. கங்காவின் அம்மா என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். மீன் வாசனை.

"இன்னாமே இது, குப்பமேடு மாரி?"

படத்திலிருந்து வேண்டாம் என்று எடுத்ததெல்லாம் ஆன்ட்டி.

"அதுல எம்பொண்ணு இன்னாத்துக்கு கீறா?"

முகத்தைச் சுற்றிச் சதுரம் போட்டேன். வெட்டினேன். பின்னால் நீலம் வைத்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நீலத்தின் நடுவில் கங்கா, முடி பறக்க, கண் எங்கோ முன்னால், வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு. இப்போது பார்த்தால் ஓடுவது போல இல்லை. கத்துவது போல இருந்தது.

அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனிக்காரன் எதுனா நெனச்சிக்குவான். வாய மூடிக்கினு கீற மாரி பண்ண முடியுமா?"

முடியும் என்றேன். மேல் உதட்டிலிருந்து கொஞ்சம், கன்னத்திலிருந்து கொஞ்சம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எட்டு காப்பி.